பிள்ளை பெற்றவளுக்கு இடமில்லையாம்

இரண்டாவது கேம் பாதியில் எங்கள் ஆபீஸ் டீம் மேனேஜர் கையைத் தூக்கினார். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தினார். சர்வீஸ் போடப் போன நான், ஷட்டிலை விரல் நுனியில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

கேலரியில் என் மகன் அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஐந்து மாதம்கூட நிரம்பவில்லை. என் கணவர் அமல்ராஜ் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கடைசிப் படி வரைக்கும் போய்விட்டார். ஆனால் மதுரையின் அந்த ஹாலுக்குக் கூரை உயரம். அழுகை மேலே போய் மோதி எல்லா மூலைக்கும் திரும்பி வந்தது.

பிள்ளை அழுதால் தாய்க்குப் பால் சுரக்கும். அதை எந்தப் பெண்ணாலும் நிறுத்தி வைக்க முடியாது. உள்ளே மடித்து வைத்திருந்த துணியையும் மீறி என் வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. ஷட்டில் காற்றில் விலகக் கூடாது என்று ஃபேன்களை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் பால் வாசனை எனக்கே மூக்கில் ஏறியது.

"குழந்தைய வெளிய கொண்டு போகச் சொல்லுங்க. இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் மேனேஜர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்பயரிடம் சொன்னார். "அந்தப் பொண்ணையும் சட்டைய மாத்திட்டு வரச் சொல்லுங்க. பார்க்க நல்லாவா இருக்கு?"

பக்கத்துக் கோர்ட்டில் ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வியர்வையில் ஊறிய பனியனைக் கழற்றி, கோர்ட் ஓரத்திலேயே பிழிந்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு ஆடினார்கள். தரையில் சிந்தியதைத் துடைக்க ஒரு ஆள் துணியோடு நின்றார். அதைப் பார்த்து நல்லாவா இருக்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

போன வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். "அதுக்கப்புறம் உங்களை ஆட விட்டாங்களா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். வீட்டில் விட்டார்கள் சகோதரி. ஆபீஸில்தான் விடவில்லை.

டவுன் பஸ்ஸில் வந்த ஆட்டம்

ஆபீஸ் கதைக்கு முன்னால், இந்த ஆட்டம் என்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

எங்கள் பெரியப்பா வீடுகளில் இன்றைக்கும் தாடிக்கொம்புப் பக்கம் சம்பங்கியும் தக்காளியும் போடுகிறார்கள். அப்பா மட்டும் காட்டை விட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். திண்டுக்கல் - தாடிக்கொம்பு டவுன் பஸ் டிரைவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சாயங்காலம் அம்மா வரும் வரை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கிளப் ஹாலில் இறக்கிவிட்டுப் போவார். அடுத்த ட்ரிப் முடிந்து வந்து கூட்டிக்கொள்வார்.

தகரக் கூரை, சிமெண்டுத் தரை, உத்திரத்தில் புறா. அங்கே வியாபாரிகள் ஷட்டில் ஆடுவார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துப் பூப்பந்து ஆடிய கை என்னுடையது. காற்றடிக்கும் திசையைப் பார்த்துத்தான் அடிக்கப் பழகியிருந்தேன். ஹாலுக்குள் காற்றே இல்லை. நான் எங்கே நினைக்கிறேனோ அங்கே போய் இறகு இறங்கியது. ஆட்டம் இம்புட்டு நேர்மையாக இருக்குமா என்று அன்றைக்கு நினைத்தேன். நேர்மை எல்லாம் கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் என்று தெரிய இன்னும் வருஷங்கள் ஆயின.

மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் மதுரை ஆபீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். காலையில் நாற்காலி, மதியத்துக்கு மேல் கோர்ட். வருஷா வருஷம் வடக்கே எங்காவது அகில இந்தியப் போட்டி நடக்கும். அதற்குப் பெண்கள் அணியில் ஒற்றையர் ஆட இரண்டு பேர். அதில் ஒரு இடம் எனக்குத் தொடர்ந்து இருந்தது.

கிழிந்த முட்டிக்குக் காத்திருந்த இடம்

நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மறைக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் நல்ல வார்த்தைகள்தான் சொன்னார். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா என்றார். மேஜை டிராயரில் இருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். பிறகு சாதாரணமாக, ஃபைலைக் கேட்கிற மாதிரி, "அந்த ட்ராக் சூட்ட மட்டும் துவைச்சுக் குடுத்துரும்மா. அடுத்த பொண்ணுக்கு ஆகும். உன் ஆட்டம்தான் முடிஞ்சிருச்சே" என்றார்.

எனக்கு வயது இருபத்தாறு. அதற்கு முந்தைய வருஷம்தான் என் ஆட்டமே திறந்திருந்தது. வலை ஓரம் டிராப் போட்டு ஆளை முன்னால் இழுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பும் வித்தை கைக்கு வந்திருந்தது. என்னை ஆரம்பத்தில் சுலபமாகத் தோற்கடித்தவர்கள் எல்லாம் மூன்றாவது கேமில் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினார்கள். அப்போது முடிந்துவிட்டதாம்.

அதே வருஷம் எங்கள் ஆண்கள் அணியில் ஒருவருக்கு முட்டித் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன், ஊன்றுகோல், மாதக் கணக்கில் லீவு. மேனேஜர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். "அவசரப்படாத, உன் இடம் எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் நல்லவர். பின்னாளில் என்னிடம், தனக்கே கூச்சமாக இருந்தது என்று சொன்னார்.

அவருடைய ட்ராக் சூட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நான் என்னுடையதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வாங்கும்போது மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பச்சை உடம்பு

பிரசவத்துக்கு நாகல் நகரில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்தேன். ஆண் பிள்ளை. அம்மா பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டுமாகப் போட்டுத் தேற்றினார். ஜன்னலைத் திறக்க விடமாட்டார். தலையில் துணி கட்டாமல் வாசலுக்கு வரக் கூடாது.

நான் பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிய முதல் நாள் அம்மா வாசலை மறித்து நின்றார்.

"பச்ச ஒடம்புடி. காத்து பூந்துச்சுன்னா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான். அப்படி யாரு உன்னத் தேடிக்கிட்டு இருக்கா அங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் சுட்டது. யாரும் தேடவில்லை என்பது உண்மை. டீமில் இல்லாவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவளுக்கு மதுரையிலும் இடமில்லை. எங்காவது தூரத்துக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். கணவருக்கோ திண்டுக்கல் நூல் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. ஆனால் அன்றைக்கு என்னை வீட்டை விட்டுக் கிளப்பியது அந்தப் பயம் இல்லை. என் ஆட்டம் முடிந்ததா இல்லையா என்று சொல்ல அந்த மனிதர் யார் என்ற கேள்விதான்.

அமல்ராஜ் அதிகம் பேசாதவர். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வந்து நின்றவர், பிள்ளையை அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வரட்டும் அத்த. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கிளப்பில் காலை செட்டில் ஜாபர் அண்ணன் இருந்தார். தோல் மண்டி வைத்திருந்தார். தொப்பை உண்டு, ஆனால் அவர் ஸ்மாஷ் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இறங்கும். நான் கேட்டதும் எனக்காக அரை மணி முன்னாலேயே வர ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் ஒரு பந்துக்குத் துள்ளினேன். சிறுநீர் கசிந்துவிட்டது. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் நினைத்தால், எழுதாமல் இருந்ததால்தான் எனக்கு இது யாருமே சொல்லாத விஷயமாக வந்து சேர்ந்தது என்று பதில் சொல்வேன். இடுப்பு என் சொல் கேட்கவில்லை. வலது பக்கம் எட்டு வைத்தால் கால் போய்ச் சேர்வதற்குள் ஷட்டில் தரையில் கிடந்தது. கழிவறைக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இதை ஏன் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஆத்திரம்தான் வந்தது.

ஜாபர் அண்ணன் ஸ்மாஷ் அடிக்காமல் மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன் அடிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"பச்ச ஒடம்புக்காரிய ஓட விட மனசு வரமாட்டேங்குது தங்கச்சி" என்றார்.

"அங்க ஓட விடுவாங்கண்ணே."

அடுத்த பந்தை அவர் என் இடுப்பைப் பார்த்து அடித்தார். எடுக்க முடியவில்லை. எடுக்க முடியாமல் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கவிதாவின் போன்

லீவு முடிந்து ஆபீஸ் போனபோது என் மதிய நேரக் கோர்ட் அனுமதி போயிருந்தது. முழு நாள் நாற்காலி. டீமுக்கு ஆள் எடுக்கும் ட்ரயல்ஸ் எப்போது என்று கேட்டால், சொல்கிறோம் சொல்கிறோம் என்றார்கள்.

என் இடத்துக்கு வந்த பெண் கவிதா. ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறி விளைவிக்கிற குடும்பம். நல்ல உயரம், நீளமான கை. என்னிடம் அதிகம் பேசியதில்லை. அவளுடைய தோளில் என் பழைய ட்ராக் சூட்டைப் பார்க்கும்போது எனக்கும் பேச வாய் வராது.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து ஆள் வந்து எனக்கு போன் என்றார். கவிதாதான்.

"சனிக்கிழமை ட்ரயல்ஸுங்க்கா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு பேசிக்கிட்டாங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

நான் வந்தால் அவள் இடம்தான் போகும். அதைச் சொல்லியே கேட்டேன், ஏன் கூப்பிடுகிறாய் என்று. அவளுக்குப் பின்னால் லாரி ஹார்ன் சத்தம் கேட்டது.

"செயிச்சு வந்தா எனக்குன்னு இருக்குமுங்க்கா. இப்படி வந்தது தூங்க விடமாட்டேங்குது."

ஐந்து நிமிட இடைவேளை

சனிக்கிழமை கணவர், அம்மா, பிள்ளை என்று குடும்பமாக ரயிலேறிப் போனோம். என்னைப் பார்த்ததும் மேனேஜர், உன்னை யார் கூப்பிட்டது என்றார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, என்னை டீமை விட்டு எடுத்ததாக எனக்கு யாரும் எழுதித் தரவில்லையே என்றேன். சுற்றி மற்ற ஆபீஸ் ஆட்கள் நின்றதால் மறுக்க முடியவில்லை. ஆடித் தோற்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

முதல் கேமை அப்படித்தான் தோற்றேன். அப்போதெல்லாம் பெண்களுக்குப் பதினொரு பாயிண்ட், சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயிண்ட். எனக்கு நாலு தேறியது. கவிதா இரக்கம் காட்டவில்லை. அதற்காக அவளை இன்றும் மதிக்கிறேன்.

இரண்டாவது கேமில்தான் மேனேஜரின் அந்தக் கை உயர்ந்தது. சட்டையை மாற்றச் சொன்னார்.

நான் அம்பயரிடம் கேட்டேன். "சட்டை நனைஞ்சா ஆடக் கூடாதுன்னு ரூல் இருக்கா சார்?"

அம்பயர் வெளியாள். மேனேஜரைப் பார்த்தார், பக்கத்துக் கோர்ட்டைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஸ்கோரை உரக்கச் சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது. கேலரியில் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். பிள்ளையை வெளியே கொண்டு போகச் சொல்லி வந்த ஆளிடம், நீ வேணும்னா வெளிய போப்பா என்று சொன்னதாக அமல்ராஜ் பிறகு சொன்னார். பச்சை உடம்பு என்று வாசலை மறித்த அதே அம்மா.

அந்த கேமை நான் எடுத்தேன். கோபத்தில் நன்றாக ஆடுவார்கள் என்று சொல்வார்களே, அதெல்லாம் பொய். கோபத்தில் கை இறுகும், டிராப் வலையில் விழும். எனக்கும் விழுந்தது. கையைத் தளர்த்த வேண்டும், வெறும் ஷட்டிலை மட்டும் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் ஆடினேன்.

மூன்றாவது கேமுக்கு முன்னால் ஐந்து நிமிடம் இடைவேளை உண்டு. நான் படியேறிப் போய், அடுக்கி வைத்திருந்த ஜிம்னாஸ்டிக் மெத்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அம்மா சேலை முந்தானையை விரித்து மறைத்து நின்றார். பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அவசரம் அவசரமாகக் குடித்தான். கீழே மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டு, நேரமாச்சு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். அந்த ஒரு காரியத்துக்காக அந்த மனிதரை நான் மன்னிக்கவே இல்லை.

மூன்றாவது கேம் நெடுநேரம் போனது. கவிதா முன்னால் போனாள், நான் தொட்டேன், மறுபடி போனாள். கடைசியில் அவள் தூக்கிய பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. வெளியே என்று அவளே கையைக் காட்டினாள். பதினொன்று - ஒன்பது. வலைக்கு மேலே கை கொடுத்துக்கொண்டோம்.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு பண்ண முடியாது என்று மேனேஜர் ஆரம்பித்தார். அம்பயர் ஸ்கோர் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ட்ரயல்ஸ் என்றால் இதுதான் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். என் பெயர் டீமில் வந்தது. கவிதா ரிசர்வ்.

போட்டோவுக்கு வந்த அப்பா

அகில இந்தியப் போட்டிக்கு வடக்கே போனோம். நல்ல குளிர். டீம் தங்கும் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். அம்மாவும் நானும் பிள்ளையும் அங்கிருந்த ஒரு மாதா கோயிலில் கேட்டு, ஒரு சின்ன அறையில் தங்கினோம். நான் ஆடும் நேரம் எல்லாம் கவிதா ரிசர்வ் பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனும் அவளிடம் ஒட்டிக்கொண்டான்.

அரையிறுதியில் என் ஆட்டம்தான் எங்களை ஃபைனலுக்குக் கொண்டு போனது. ஃபைனலில் தோற்றோம். இரண்டாம் இடத்துக்கும் கோப்பை கொடுத்தார்கள்.

போட்டோ எடுக்க நின்றபோது மேனேஜர் கவிதாவிடம் இருந்து பிள்ளையைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். பத்திரிகைக்காரர்களிடம், எங்கள் டீமே ஒரு குடும்பம், தாய்மார்களுக்கு நாங்கள் கொடுக்கிற ஆதரவைப் பாருங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

நான் வரிசையை விட்டு முன்னால் போனேன்.

"பிள்ளையக் குடுங்க சார்."

ஒரு நிமிஷம்மா, போட்டோ என்றார் சிரித்தபடியே. நான் கையை நீட்டியபடி நின்றேன். கேமராக்காரர் கேமராவை இறக்கினார். பிறகுதான் மேனேஜர் பிள்ளையைக் கொடுத்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. நான் அதில் இல்லை. மேனேஜர் கோப்பையைப் பிடித்தபடி நடுவில் நிற்கிறார்.

இன்னொரு போன்

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஆடினேன். எல்லாவற்றையும் இன்னொரு வாரம் எழுதலாம். ஆட்டத்தை விட்டபின் திண்டுக்கல் கிளைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டேன். பாயிண்ட் முறை மாறி இருபத்தொன்று வந்தது. அந்த மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். என் பழைய இடத்தில் கவிதா ஆடிக்கொண்டிருந்தாள், இந்த முறை ஜெயித்து வந்த இடம். நானே கேலரியில் இருந்து கை தட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் செல்போனில் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அக்கா, நான் முழுகாம இருக்கேனுங்க்கா. நாலாவது மாசம். ஆபீஸ்ல யாருக்கும் சொல்லலைங்க."

நாலு மாதமாக ஒரு பெண் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, தளர்ந்த சட்டையைப் போட்டு மறைத்து, தினமும் கோர்ட்டில் குதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்தால் இடம் போய்விடுமே என்று. நான் அந்த மெத்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்ததெல்லாம் எதற்கு? எனக்கு நடந்தது என்னோடு முடிந்துவிட்டது என்று எத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். உடம்பெல்லாம் எரிந்தது.

நாளைக்கு நான் வாரேன், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம், அதுவரைக்கும் பேட்டைத் தொடாதே என்றேன்.

புது மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னார். பிறகு காலண்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இவங்க சீட்டு எப்ப காலியாகும் மேடம்?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். அதற்குள் கவிதா எழுந்துவிட்டாள். போனில் கிசுகிசுத்த குரல் இல்லை அது.

"காலியாகாதுங்க சார். பிள்ளையப் பெத்துட்டு வந்து ட்ரயல்ஸ் ஆடுவனுங்க. தோத்தா அப்பக் கேளுங்க. இப்ப நாஞ் சொல்றத எழுதிக்கங்க."

நாங்கள் சொல்வதெல்லாம் வாஸ்தவம்தான், ஆனால் இதற்கென்று விதிமுறை எதுவும் இல்லையே என்று அவர் என்னைப் பார்த்தார். நான் கவிதாவைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறக்கும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.